நோயை வீட்டில் விட்டுவிட்டு

என் கணவர் லக்ஷ்மிநாராயணனுக்கு உலகத்திலேயே பிடித்த சொல் 'நார்மல்'. ரத்தம் நார்மல், ஸ்கேன் நார்மல், நரம்புச் சோதனை நார்மல். ஒவ்வொரு முறையும் முகம் மலர்ந்து ரிசல்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். எனக்கு அந்தப் பையைப் பிடுங்கி வீசவேண்டும் போலிருக்கும். வீசுவதற்குத் தெம்பு வேண்டுமே.

நாலு வருஷமாக இதே கூத்து. காலையில் எழுந்தால் நன்றாகத்தான் இருப்பேன். கொஞ்சம் வேலை செய்தால் போதும், கை தோளுக்கு மேல் எழும்பாது. இமை தானாக மூடிக்கொள்ளும். இட்லியைப் பாதி மென்றதும் தாடை ஓய்ந்துவிடும், முகவாயைக் கையால் தாங்கிக்கொண்டு மீதியை மெல்ல வேண்டும். சாயங்காலம் உள்ளங்கால் எரியும், ஜுரம் காயும். ஒருநாள் முழுக்கப் படுத்து எழுந்தால் மறுபடி மனுஷியாகிவிடுவேன். ஒரு டாக்டர் ஏதோ ஒன்றைச் சந்தேகப்பட்டு அதற்கான மாத்திரை கொடுத்துப் பார்த்தார். கேட்கவில்லை. அவருக்கும் அத்துடன் என் மேல் சுவாரசியம் போய்விட்டது.

குஷாய்குடாவில் எங்கள் தெருவில் இருப்பவர்கள் முக்கால்வாசி என் கணவரோடு ஃபாக்டரியில் வேலை பார்ப்பவர்கள். ஆளுக்கொரு வியாதி சொன்னார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டினார்கள். ஹைடெக் சிட்டியில் வேலை பார்க்கும் என் பெண் ரஷ்மி, காதில் மாட்டிய ஒயரைக் கழற்றாமலேயே, "மம்மி, ஸ்ட்ரெஸ் ஹை யார். யோகா கரோ" என்று ஹிந்தியில் யோகா பண்ணச் சொன்னாள். தமிழில் அக்கறையாகக் கேட்டால்தான் என்ன என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் இவர் தீர்ப்பு சொன்னார்.

"கல்பகம், செகந்திராபாத்துல புதுசா ஒரு நரம்பு டாக்டர் வந்திருக்கார். இவர்தான் கடைசி. இவரும் நார்மல்னு சொல்லிட்டார்னா, முன்னாடி ஒரு டாக்டர் மனசுக்குன்னு குடுத்த மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடணும். அப்புறம் இதைப் பத்தி இந்தாத்துல பேச்சே கூடாது. சரியா?"

சரி என்றேன். வேறென்ன சொல்வது? மனசுக்கு என்று கொடுத்த மாத்திரையைத் தின்றால் நாள் முழுக்கத் தூங்கி வழிவேன். அதற்குப் பிறகு என் கை விழுந்தால் அது வியாதி இல்லை, பிடிவாதம் என்று ஆகிவிடும். கதவைச் சாத்தி வெளியே பூட்டுப் போட்டுவிட்டு, உள்ளே இருப்பவளிடம் சரியா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சைனிக்புரிக்கு முதல்முறை போனேன். வியாதிக்குப் பெயர் கிடைக்காதவர்களும் அவர்கள் வீட்டாரும் அங்கே ஒரு மாடியறையில் கூடுகிறார்கள் என்று லைப்ரரி போர்டில் பார்த்திருந்தேன். நடத்துகிறவள் ஜுலைகா. லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழச்சி, பாங்கில் வேலை. அவள் தங்கை பானு என்ன வியாதி என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தவள். அந்த அறையில் ஒரே ஒரு சட்டம்: யாரும் யாருக்கும் வைத்தியம் சொல்லக்கூடாது. ஒருவர் வாய் தவறி அருகம்புல் ஜூஸ் என்று ஆரம்பித்ததும் ஜுலைகா கையை உயர்த்தி, "நக்கோ சார், வேணாம். அடுத்த வாரம் எல்லாருக்கும் சமோசா உங்க செலவு" என்றாள். நாலு வருஷத்தில் முதல்முறையாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

என் முறை வந்தது. டாக்டரிடம் போகும் நாளைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். இரண்டு நாள் முன்னாலிருந்தே இவர் என்னைப் படுக்கையை விட்டு இறங்க விடமாட்டார். சமையல் அவர், பாத்திரம் அவர். அன்று காலை வெந்நீர், கஞ்சி போட்ட புடவை, தலை நிறையப் பூ. டாக்டரிடம் போகும்போது பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் இரண்டு வீட்டுப் பழக்கமும். அன்றைக்குப் பார்த்து எனக்கு முடியவில்லை என்றால் ஃபோன் செய்து, "இன்னிக்கு அவளுக்கு உடம்பு சரியில்லை, இன்னொரு நாள் வரோம்" என்று தள்ளிப்போட்டுவிடுவார்.

பெருமையாகத்தான் சொன்னேன். அவர் கொடுமைக்காரர் இல்லை என்று தெரியட்டுமே.

"ஏங்க, அப்ப நீங்க நோவை ஊட்டுல வுட்டுட்டுல்ல டாக்டருட்ட போறீங்க?" என்றாள் ஜுலைகா. "அவரு எதுக்கு வியாதின்னு சொல்லப்போறாரு?"

நாலு வருஷமும் டாக்டர்கள் பார்த்தது என்னை இல்லை. கஞ்சி போட்ட புடவையைத்தான்.

டாக்டரைப் பார்க்கிற அன்று காலை இவர் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடப் போனார். நான் ஜன்னல் திரைகளையெல்லாம் கழற்றினேன். படுக்கை விரிப்புகளை உருவினேன். எல்லாவற்றையும் கொல்லைப்புறத்தில் வாளியில் முக்கி, கல்லில் போட்டு அடித்துத் துவைக்க ஆரம்பித்தேன். மூன்றாவது திரைக்கே கை கனத்தது. நிறுத்தவில்லை.

"என்னடி பண்ணிண்டிருக்கே?"

எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"துவைக்கறேன்."

"மெஷின் இருக்கறச்சே? இன்னிக்குப் போய்?" அவர் என் முகத்தைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். "ஓஹோ. வேணும்னு வரவழைச்சுக்கறயா? இத்தனை வருஷமும் இந்த நாடகம்தானா?"

இதுதான் என் நிலைமை. சும்மா இருந்தால் நார்மல், காட்ட நினைத்தால் நாடகம். அழுகை வரவில்லை, பொல்லாத கோபம் வந்தது. ராணுவத்துக்கு எலெக்ட்ரானிக் போர்டு செய்யும் ஃபாக்டரியில் அவருக்குச் சோதனைப் பிரிவில் வேலை. அந்த வேலையின் மேலேயே அவரைப் பிடித்தேன்.

"உங்க ஃபாக்டரில சில போர்டு மேஜை மேல நன்னா ஓடும், பட்டாளத்துக்காரன் கைக்குப் போனதும் நின்னுடும்னு சொல்லுவேளே. அதை என்ன பண்ணுவேள்?"

"அதுக்கும் இதுக்கும்..."

"சொல்லுங்கோ."

"சூட்டு அலமாரில வெச்சு ராத்திரி பூரா ஓட்டுவோம்."

"எதுக்கு?"

"கோளாறு இருந்தா வெளில வரட்டும்னு."

"போர்டு நடிக்கறதுன்னு யாராவது சொல்லுவேளா?"

அவர் கொல்லைப்படியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து வந்து, ஈர விரிப்பின் ஒரு முனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு மறுமுனையை என்னிடம் நீட்டினார். முறுக்கினேன்.

"போறுமா?" என்றார்.

"போறாது. இன்னொண்ணு குடுங்கோ."

அவர் எடுத்துக் கொடுத்தார்.

டாக்டர் சின்ன வயசுத் தெலுங்குக்காரர். நான் நனைந்த புடவையோடு, கலைந்த தலையோடு நாற்காலியில் சரிந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. கைகளை முன்னால் நீட்டச் சொன்னார். நீட்டின கைகள் மெல்ல இறங்கி மடியில் விழுந்தன. மறுபடி நீட்டச் சொன்னார். இம்முறை எழும்பவே இல்லை. மேலே பார்க்கச் சொன்னார், இமைகள் மூடிக்கொண்டன. வழக்கமாக எனக்குப் பதில் இவர் பேசுவார். அன்று டாக்டர் சோதித்து முடிக்கிறவரை ஒன்றே ஒன்றுதான் பேசினார்: "சார், இத்தனை நாளும் இவளை நன்னா இருக்கறச்சே மட்டும்தான் நான் காட்டியிருக்கேன்." அதையும் பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு இங்கிலீஷில் திருப்பிச் சொன்னார்.

டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "ஏதோ உந்தம்மா. ஏமிட்டோ நாக்கு தெலியது" என்றார். ஏதோ இருக்கிறது, என்னவென்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டெதாஸ்கோப் மாட்டிய ஒருவர் வாயிலிருந்து 'தெரியவில்லை' என்று கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு இருந்த அத்தனை நன்றியும் அந்தப் பிள்ளையாண்டான் மேல் வந்துவிட்டது.

இவர் விடவில்லை. "பேர் என்ன சார்? ஒரு பேர் சொல்லுங்கோ. குணமாகுமா? இன்னும் மோசமாகுமா?"

"இப்போது சொல்ல முடியாது, தேடலாம்" என்றார் டாக்டர். "தேடியும் கிடைக்காமல் போகலாம். ஆனால் நான் விடமாட்டேன். மாதாமாதம் வாருங்கள். முடியாத நாளில் வாருங்கள்."

வெளியே வந்தோம். ஸ்கூட்டர் நிறுத்தியிருந்த இடத்தில் இவர் சாவியைப் போடப் பார்த்தார். சாவி துவாரத்துக்குள் போகவில்லை. இரண்டு மூன்று தரம் முயற்சி செய்துவிட்டு, அப்படியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கஞ்சி போட்ட சட்டையோடு, அத்தனை பேர் போகிற வழியில். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உனக்கு பயமா இருக்கா கல்பகம்?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"நாலு வருஷமா" என்றேன்.

அவர் தலையாட்டினார். "எனக்கு இப்பத்தான் ஆரம்பிக்கறது" என்றார்.

இவர் நம்ப வேண்டும் என்றுதான் அத்தனை பாடுபட்டேன். நம்பிவிட்டார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. இத்தனை வருஷம் ராத்திரியில் இவராவது நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அதையும் நான் பறித்துவிட்டேன். முதுகில் கை வைத்துத் தடவலாம் என்று நினைத்தேன். கை எழும்பவில்லை.