தாய்வழி இரத்தம்

“ரெண்டு ஆம்பளப் புள்ளய முழுங்கிட்டா. இனி இவ வயித்த நம்ப முடியாது. இவ தங்கச்சி இராசாத்தியவே என் மவனுக்கு ரெண்டாந்தாரமாக் கட்டி வையுங்க.”

பேரனுக்குக் காரியம் முடிந்த அன்றே மருதம்மாள் சொன்னாள். கரங்கான் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், சாப்பிட உட்கார்ந்த உறவினர்கள் இன்னும் கைகூடக் கழுவவில்லை. குணவதியின் கணவன் அழகேசன் தலையைக் குனிந்துகொண்டான்.

குணவதி மகளை மடியோடு இறுக்கிக்கொண்டாள். இவளுக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லை. பையன்களுக்குத்தான், தவழ ஆரம்பித்ததுமே காதில் சீழ், உடம்பெல்லாம் கட்டி, நெஞ்சில் சளி. மூத்தவன் அப்படித்தான் போனான். சின்னவனுக்கு மூச்சு இழுத்தபோது அவசரகால ஊரடங்கு. லயத்தைச் சுற்றிய முள்வேலிக் கதவு விடிந்த பிறகுதான் திறந்தது.

அதற்கு முந்தின மாதம்தான், பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் இரத்தத்தைச் சோதித்துச் சொன்னதை நர்ஸ் மிஸ்ஸி தமிழில் சொல்லியிருந்தாள்.

“நோயை எதிர்க்கிற சத்து இவன் ரத்தத்துல பொறவியிலயே இல்லம்மா. அம்மா வழியா ஆம்பளப் புள்ளைங்களுக்கு வர்றது. ஒங்கம்மாவுக்கும் பையனுங்க தவறிச்சா?”

தவறியிருந்தார்கள்.

“அப்ப ஒன் தங்கச்சிக்கிட்டயும் இருக்கலாம். இது யாரு செஞ்ச பாவமும் இல்ல லா.”

இதை வெளியில் சொன்னால் இராசாத்தியைப் பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள். சொல்லாவிட்டால் அவளும் இதே வீட்டில் பிள்ளையைப் புதைக்கத் துணியில் சுற்றிக் கொடுப்பாள்.

உறவினர்கள் எல்லார் முன்னாலும் குணவதி சொல்லிவிட்டாள்.

“அப்ப ஒங்க வம்சமே கெட்ட ரத்தமா?” என்றாள் மருதம்மாள். பாவம் இல்லை என்றது மட்டும் அவள் காதில் ஏறவில்லை.

மறுநாள் பால்மரக் காட்டில் இராசாத்தி அழுதாள். “ஏங்க்கா சொன்னே? இனிமே என்னை யாரு கட்டுவா?”

“கட்டிக்க வேணாம்னு சொல்லலடி. பெத்துப் பெத்துப் பொதைக்க வேணாம்னுதான் சொன்னேன்.” இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அழகேசனுக்கு யான் ஊரிலிருந்து வேறு பெண் ரெண்டாந்தாரமாக வந்தாள். குணவதி மகளோடு தங்கை இருந்த தாய்வீட்டுக்குப் போனாள். பெண்பிள்ளைதானே என்று யாரும் தடுக்கவில்லை.

புதியவளுக்குப் பையன் பிறந்தான். கட்டியும் சீழும் இல்லாமல் வளர்ந்தான். டாக்டர் சொன்னதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. லயத்துச் சனங்களோ, குணவதிதான் பிள்ளை முழுங்கி என்பதற்கு அதையே சாட்சியாக வைத்துக்கொண்டார்கள்.

பையனுக்கு மொட்டையடித்த அன்று, அழைக்காமலே குணவதி வந்தாள். மருதம்மாள் முந்தானையால் பேரனை மூடினாள்.

“பாத்தியா, என் மவன் ரத்தத்துல கொறை இல்ல.”

“இல்லத்தே. எங்கிட்டயும் குத்தமில்ல.”

முந்தானையை விலக்கி, குணவதி பிள்ளையைத் தூக்கினாள். மார்போடு அணைத்து, தன் பையன்களைக் கொஞ்சியதுபோல் கொஞ்சினாள். யாரும் கை நீட்டிக் கேட்கவில்லை. போதுமென்று தோன்றியபோது, அவளே அவனை அவன் தாயின் கையில் கொடுத்தாள்.