லிட்டருக்குப் பதின்மூன்று

அப்பா என் மேசைமேல் இரண்டு பாட்டில்களை வைத்தார். ஒன்றில் பாதிக்கும் கீழேதான் திரவம் இருந்தது. மற்றது மூடி திறக்காதது.

"இது அவன் வாங்கினது. இது போன வாரம் நான் வாங்கினது. ரெண்டும் ஒண்ணான்னு உங்க லேப்ல பாத்துச் சொல்லு."

'அவன்' என்றால் என் அண்ணன். காய்ச்சல் என்று படுத்துப் பதினோரு நாளில் போய்விட்டான். நாலு மாதம் ஆகிறது. எங்கள் வேன் ஆஸ்பத்திரிகளுக்கு வெளுத்த விரிப்புகளைக் கொண்டுபோகும் வேன். அவன் கடைசியாகப் படுத்திருந்த விரிப்பும் அதில் போனதுதான்.

அந்த வேனை இருபது வருடம் அப்பா ஓட்டினார். முழங்கால் வலி வந்தபின் மூன்று வருடம் அண்ணன் ஓட்டினான். அப்பா கையில் லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் கொடுத்த வண்டி, அண்ணனிடம் பதின்மூன்று கொடுத்தது. எப்படி என்று அப்பா கேட்டபோது, டீசலில் கலக்கும் இந்தப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினான்.

"எல்லாம் இதோட மகிமைப்பா. ஒரு டாங்குக்கு ஒரு மூடி."

இப்போது மறுபடியும் அப்பா ஓட்டுகிறார். ஒரு மூடிக்கு இரண்டு மூடியாக ஊற்றுகிறார். வண்டி பதினொன்றைத் தாண்டவில்லை.

"ஸ்குரு கலப்படம் பண்றான். செத்தவன் வந்து கேக்க மாட்டான்னு தைரியம். ஞாயித்துக்கிழமை டிரைவர் சங்கக் கூட்டத்துல அவன் மானத்தை வாங்கலேன்னா எம் பேரை மாத்திக்கிறேன். நீ பேப்பர்ல எழுதி மட்டும் குடு."

ஸ்குரு, அண்ணனின் நண்பர்; இந்தப் பாட்டிலை விற்கும் உதிரிபாகக் கடைக்காரர். எந்த வண்டியைக் கொண்டுபோனாலும் முதலில் "எங்கயோ ஸ்குரு லூஸு" என்பார், அதனால் அந்தப் பெயர். அவர் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் சங்கத்து டிரைவர்கள்தான். அப்பா எழுந்து பேசினால் கடையை மூட வேண்டியதுதான்.

நான் வேலை பார்க்கும் எரிபொருள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு கருவி இருக்கிறது. டீசலில் மூழ்கிய தகட்டின்மேல் சிறிய எஃகுக் குண்டை வைத்துத் தேய்க்கும். நொடிக்கு ஐம்பது முறை, ஒன்றேகால் மணி நேரம். பிறகு குண்டில் விழுந்த தழும்பை நுண்ணோக்கியில் அளப்போம். தழும்பு சிறிதென்றால் டீசலில் வழவழப்பு அதிகம்.

மேலாளரிடம் கேட்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது. "இதுக்கா இவ்வளவு தயக்கம்? கருவி சும்மா இருக்கறப்ப போட்டுக்கோ" என்றார்.

பெட்ரோல் பங்கில் வாங்கிய டீசல் மட்டும்: 442 மைக்ரான். அண்ணனின் பாட்டில் கலந்தது: 389. புதுப் பாட்டில் கலந்தது: 393. அந்த நாலு மைக்ரான் கருவியின் பிழைக்குள் அடங்கிவிடும். மூன்று முறை போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான்.

வழவழப்பு உண்மை. டீசல் பம்பு மெதுவாகத் தேயும். ஆனால் அது லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டரைக் கொண்டுவந்து கொடுக்காது. எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் கரி பிடித்திருந்தால் இந்த மாதிரி திரவம் கொஞ்சம் சுத்தம் செய்து உதவலாம். எங்கள் வேனின் இன்ஜெக்டரை ஸ்குரு போன மாதம்தான் கழற்றிச் சுத்தம் செய்திருந்தார்.

அண்ணனின் பாட்டிலில் மிஞ்சியதை அலமாரியில் வைத்தேன். அதைக் கழுவுதொட்டியில் கொட்ட மனம் வரவில்லை.

வேலை முடிந்ததும் ஸ்குருவின் கடைக்குப் போனேன். பில்டர் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தவர், விஷயத்தைக் கேட்டுத் தலையாட்டினார்.

"தங்கச்சி, உங்க அண்ணனுக்கே இதுல மைலேஜ் வரும்னு நம்பிக்கை கிடையாது. பம்பு தேயாம இருக்கட்டும்னு ஊத்துவான், அவ்வளவுதான்."

"அப்ப பதின்மூணு?"

"அவன் கால்மா. ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறானா தடவுறானான்னு தெரியாது."

"அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"நானும் கேட்டேன். 'ஓட்டக் கத்துக் குடுத்ததே அவரு. அவர்கிட்டயே போய் உங்க கால் கனம்னு எந்த வாயால சொல்றது? பழியப் பாட்டில் மேல போட்டுட்டேன்'னு சிரிச்சான்."

"ஞாயித்துக்கிழமை நீங்களே இதைச் சொல்லிடுங்கண்ணா."

"திட்டுனா திட்டிட்டுப் போகட்டும். நான் வாயைத் திறந்தா அவனைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

சனிக்கிழமை காலை அப்பாதான் என்னை வேனில் வேலைக்கு அழைத்துப்போனார். கியருக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில், நான் திருப்பிக் கொடுத்த புதுப் பாட்டில் நின்றது. முதல் சிக்னலில் பிரேக் போட்டார். பாட்டில் சாய்ந்து என் காலடிக்கு உருண்டது. எடுத்து வைத்தேன். நாலு மாதமாக, அங்கே இருக்கும் பாட்டிலைத் தினமும் எடுத்து வைக்கிறேன். மூன்று வருடம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து போனபோது, ஒருநாள்கூடக் குனிந்ததில்லை. அதை அன்றுதான் யோசித்தேன்.

முடிவை எழுதிய காகிதத்தைக் கொடுத்தேன். "ரெண்டும் ஒண்ணுதான்பா."

"நல்லாப் பாத்தியா?"

"மூணு தடவை."

"அப்ப மைலேஜ் எங்க போச்சு?"

பதிலை எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

"அது பாட்டில்ல இல்லப்பா. அண்ணன் கால்ல இருந்தது."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அப்பா வண்டியை எடுக்கவில்லை.

"என்கிட்ட பாட்டில்னானே."

"உங்க மனசு கஷ்டப்படும்னு அப்படிச் சொல்லிருக்கான். ஸ்குரு அண்ணன்தான் சொன்னார்."

"நேரா சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களாப்பா?"

அப்பா கியரைப் போட்டார். வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும், சாலையைப் பார்த்தபடியே கேட்டார்: "எப்படி ஓட்டுவான்? நீதானே பக்கத்துல உக்காந்திருந்த."

"தூரத்துல சிவப்பு தெரிஞ்சாலே காலை எடுத்துடுவான். வண்டி அதுவா போய் நிக்கும். முன்னாடி போறவங்களை விரட்ட மாட்டான்."

அப்பா காலை எடுத்தார். வேன் தானாக ஊர்ந்து போய் அடுத்த சிக்னலில் நின்றது. பாட்டில் நின்றது. அதற்கடுத்த சிக்னலிலும் அது சாயவில்லை. அப்பா ஓரக்கண்ணால் அதைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரித் திருப்பத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அப்பா பிரேக்கை அழுத்தினார். பாட்டில் விழுந்து, உருண்டு, என் செருப்பில் முட்டியது. நான் குனியவில்லை.

"அவன் ஓட்டுனா விழாது, இல்ல?"

"விழாதுப்பா."

வண்டியை ஓரம் கட்டினார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"உன்னை இறக்கி விட்டுட்டு ஸ்குரு கடைக்குப் போறேன்."

எனக்குப் பயமாக இருந்தது. "சண்டைக்காப்பா?"

"இல்லம்மா." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "வேற என்னெல்லாம் சொன்னான்னு கேக்கணும்."