எண்ணத்தால் பறக்கும் மயில்

கைப்பிடி இல்லை, பொத்தான் இல்லை. எண்ணத்தாலேயே ஒரு மயிலைப் பறக்கவிட வேண்டும். எண்பத்தைந்தாம் ஆண்டு கார்த்திகேசு வடிவமைத்த விளையாட்டு அது. தலைப்பட்டையில் பதித்த தகடுகள் மூளையின் நுண்மின் அலையை வாங்கும். மனம் அடங்க அடங்கத் தொலைக்காட்சித் திரையில் மயில் மேலெழும். ஆனால் மலேசியாவின் ஈப்போ நகர விளையாட்டுக்கூடத்தில் பட்டையை அணிந்த ஒருவருக்கும் அது எழவில்லை. வைத்த கண் வாங்காமல் அவர்கள் திரையைப் பார்த்திருக்க, மயில் தரையிலேயே நடந்தது.

மனம் அடங்கிய ஒருவரைத் தேடியே அவன், தான் பிறந்த ரப்பர் தோட்டத்து முருகன் கோயிலுக்குக் கருவியையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் சுமந்து வந்தான். அக்காள் ராக்காயிக்கு அங்கே அருள் வரும். ஆட்டமோ அலறலோ இல்லாமல், அசையாது அமர்ந்திருக்கையில் வரும். அவள் வாக்கைத் தோட்டமே சிரமேற்கொள்ளும். இப்போது தோட்டம் விலைபோய்விட்டது. விடிந்தால் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களை இடிக்க வருகிறார்கள். அதற்குள் வெளியேறுவோருக்கு ஈப்போவை அடுத்த சிலிபினில் வீடு, மறுப்போருக்கு ஒன்றுமில்லை. போவதா, இருப்பதா என்று முருகனைக் கேட்கச் சனம் திரண்டிருந்தது.

"என்னா தம்பி இது, மாட்டுக்குக் கட்டற மாதிரி?" என்றாள் ராக்காயி, அவன் தன் தலையில் பட்டையைக் கட்டியபோது.

"மயில் விளையாட்டுக்கா. மனசு அடங்குனா பறக்கும்."

"எம் மண்டையில மாட்டுனா கோழிகூடப் பறக்காது லா, மச்சான்" என்றான் பக்கத்து லயத்து ஐயாவு. "உள்ள கோசோங்! ஒண்ணுமே இல்ல."

சிரிப்பு அடங்குமுன் ராக்காயி கைகூப்பிக் கண்மூடினாள். மயில் தோகை விரித்து மலைகளைத் தாண்டித் திரையின் உச்சியைத் தொட்டது. "முருகா!" என்று கோயில் அதிர்ந்தது. அவள் கண் திறந்தாள், மயில் விழுந்தது. மூடினாள், எழுந்தது.

கார்த்திகேசுக்கு அப்போதுதான் விளங்கியது. கண்ணை மூடினால் எவருக்கும் ஓங்குகின்ற அலை அது. நூலில் படித்திருந்தும் வடிவமைக்கும்போது எண்ணாமல் விட்டான். அவன் கருவி மன அடக்கத்தை அளக்கவில்லை, இமையை அளந்துகொண்டிருந்தது.

"கந்தன் பறந்து காட்டிட்டான்" என்றாள் ராக்காயி. "இந்த மண்ண விட்டு யாரும் போவ வேணாம்."

"லோரியில ஏத்துன சாமானையெல்லாம் இறக்குங்க!" என்று வாசல் நோக்கிக் கூவினான் ஐயாவு.

"அக்கா, இது சாமி இல்ல. நான் செஞ்ச தப்பு. கண்ண மூடுனா யாருக்கும் பறக்கும்!"

"வாயக் கழுவுடா" என்றாள் அவள்.

ஐயாவு விடவில்லை. "உனக்கே அடங்காத மயிலு சாமிக்கு அடங்குது. அதான் மச்சானுக்குப் பொறாம."

"எனக்கு அருள் வந்ததே இல்ல. எல்லாருக்கும் தெரியும். இப்பப் பாருங்க." பட்டையைப் பறித்துத் தன் தலையில் இறுக்கிக்கொண்டு கார்த்திகேசு கண்ணை மூடினான்.

திரையில் மயில் எழுந்தது. கூடவே குலவையும் எழுந்தது. "தம்பிக்கும் வந்துட்டாருடி!" யாரோ அவன் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசினார்கள். ராக்காயியின் கைகள் அவன் பாதங்களைப் பற்றின.

"சொல்லு சாமி. நாங்க போவணுமா, இருக்கணுமா?"

மெய்யைச் சொல்லியாயிற்று, கேட்பாரில்லை. சன்னிதியில் இதுவரை அவன் பொய்யுரைத்ததில்லை. பொறுத்தருள்வாய் பெருமானே என்று உள்ளே ஓலமிட்டபடி, தனதல்லாத குரலில் சொன்னான்:

"பொறப்படுங்க. இப்பவே. சிலிபினுக்கு நான் முன்னால போறேன்."

சனம் கலைந்து ஓடியது. வெளியே தகரப்பெட்டிகள் மீண்டும் லோரியில் ஏறும் ஓசை கேட்டது. ராக்காயி மட்டும் அவன் காலடியை விட்டு எழவில்லை.

"அப்ப எங்கிட்ட வந்தது யாரு சாமி?" என்று மெல்லக் கேட்டாள்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை.