இளவரசர் மயிலைப் பார்க்கவா வந்தார்?

காப்பீட்டுக் கம்பெனி கையை விரித்துவிட்டது. அதுகூட ஆ-லானுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. கையை விரித்ததற்கு அவர்கள் சொன்ன காரணம்தான் அவள் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது.

லாரியில் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் ஒரு மின்மயில் பொருத்தப்பட்டிருந்ததாம். அதன் ஒளியால் ஈர்க்கப்பட்டுத்தான் கோவில் சாமி மூன்றாம் இளவரசரின் பல்லக்கு வழி மாறி வந்து லாரியில் மோதியதாம். விபத்துக்கு அந்த மாற்றமே காரணம் என்பதால் இழப்பீடு கிடையாதாம்.

"மயிலைப் பாக்க வந்தாராமே! அப்போ அங்க நின்னு தொண்டை கிழியப் பாடிட்டு இருந்தேனே, நான் என்ன விளக்குக் கம்பமா?" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து இடத்தை மாற்றிப் படுத்தது.

கணவன் ஆ-குன் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தான். எந்த விஷயத்துக்கும் ஒரு அபிப்பிராயம் வைத்திருக்கிற மனுஷன், அன்றைக்கு வாயே திறக்கவில்லை. கழுவின கிண்ணத்தையே திரும்பவும் கழுவினான்.

யுன்லின் வட்டாரத்தில் லியாவ் ச்சியூ-லான் என்றால் யாருக்கும் தெரியாது. பூவண்டி ஆ-லான் என்றால் தெரியாதவர்கள் கிடையாது. பூவண்டி என்பது லாரிதான். பக்கவாட்டுப் பலகைகளை இறக்கி, கால்களை ஊன்றி, விளக்கைப் போட்டால் மேடையாகிவிடும். சாமி பிறந்தநாள், கல்யாணம், புதுவீடு, சாவு என்று எதற்கும் போகும். ஆ-குன் ஓட்டுவான், விளக்கும் ஒலியும் பார்ப்பான். ஆ-லான் பாடுவாள். ஐம்பது தாண்டியவளுக்கு வேறு எவன் மேடை தருவான்? அந்த லாரி போனால் பாட்டும் போச்சு, அவ்வளவுதான். பழைய இரும்பு வாங்குகிற ஆள் அதற்குள் ஒருமுறை வந்து லாரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தான்.

இதில் மயில் எங்கிருந்து வந்தது? தைச்சுங்கில் மூடிப்போன ஒரு நடன அரங்கிலிருந்து இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆ-குன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். கார் அளவுக்கு இருக்கும். உடம்பெல்லாம் வண்ண பல்புகள், தோகையை விரிக்க ஒரு மோட்டார். மேடையின் பின்சுவருக்கு மேலே அதை நிறுத்தினான். அன்றைக்குப் பிடித்தது சனி. "மயில் வண்டி வருமா?" என்றுதான் அதற்கப்புறம் ஜனங்கள் போன் பண்ணினார்கள். ஆ-லான் வருவாளா என்று ஒரு பிறவிகூடக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கும் மயிலுக்கும் ஆகாது. விடியற்காலையில் எழுந்து சாதகம் பண்ண ஆரம்பித்தாள். பொரித்த கோழியை விட்டாள். இவள் நிற்பது கூட்டத்தைப் பார்த்து, மயில் இருப்பது இவள் முதுகுக்கு மேலே. கைதட்டல் எழும்போதெல்லாம் 'தோகையை விரிச்சிருக்கும் பீடை' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அடுத்த வரியை இன்னும் ஓங்கி எடுப்பாள். போனில் யாராவது வீடியோ எடுத்துக் காட்டினால் பார்க்கமாட்டாள். தன் இரட்டைத் தாடையைத் தானே பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

விபத்து நடந்தது இளவரசர் பிறந்தநாளில். அவர் குழந்தைச் சாமி. மிட்டாய் பிடிக்கும், பொம்மை பிடிக்கும், சொன்ன பேச்சு கேட்கமாட்டார். நான்கு வாலிபர்கள் தூக்கிவந்த பல்லக்கு பட்டாசுப் புகைக்குள் ஒரு சுற்று சுற்றியது, இரண்டு அடி பின்வாங்கியது, பிறகு நேரே பூவண்டிக்குப் பாய்ந்து வந்து முன்பக்க ஊன்றுகாலில் மோதியது. கால் மடங்கியது. மேடை சரிந்தது. லாரியின் அடிச்சட்டமே முறுக்கிக்கொண்டது. ஆ-லான் மைக்கோடு சறுக்கிக்கொண்டே போய் ஓரத்துக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து, இரண்டாம் சரணத்தை அங்கிருந்தே பாடி முடித்தாள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

"நாங்க எங்க சார் ஓடினோம்? அவர்தான் இழுத்தார். மயிலைப் பாக்கணும்னு இழுத்தார்" என்று போலீசில் சொல்லிவிட்டார்கள் அந்த நான்கு பேரும். சாமிமேல் யார் வழக்குப் போடுவது? கம்பெனியைத்தான் கேட்க வேண்டும். மேடையைப் பற்றிக் கம்பெனிக்கு ஆரம்பத்திலேயே சொல்லியாகிவிட்டது. மயிலைப் பற்றிச் சொல்லவில்லை. கம்பெனிக்கு அது போதாதா?

விடுவாளா ஆ-லான்? ஊர் அலுவலகத்துச் சமரசக் குழுவில் மனுக் கொடுத்தாள்.

குழுத் தலைவர் யே, காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டே காலத்தைக் கழித்தவர். எதையும் இழுத்தடிக்கத் தெரியாது. மேசைக்கு இந்தப் பக்கம் ஆ-லானும் ஆ-குன்னும். அந்தப் பக்கம் கம்பெனி அனுப்பிய ட்ஸெங் என்கிற இளைஞன், இஸ்திரி கலையாத சட்டையும் பயந்த கண்ணுமாக உட்கார்ந்திருந்தான். யே எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார்.

"தம்பி, மாத்தம் பண்ணது தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா மயிலாலதான் விபத்துன்னு யார் சொன்னா?" என்றார் யே.

"பல்லக்குத் தூக்கினவங்க சார். போலீஸ்ல."

"அவங்களுக்கு யார் சொன்னா?"

ட்ஸெங் தேநீரைப் பார்த்தான். "இளவரசர்."

"அப்போ உங்க கம்பெனியோட சாட்சி யாரு?"

ட்ஸெங் காகிதங்களைப் புரட்டினான்.

"இளவரசர் ஈர்க்கப்பட்டார்னு கம்பெனி முத்திரை குத்தி எழுதியிருக்கீங்களே, அவரை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கல சார்."

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் கோவில்லதானே இருக்கார்! தைச்சுங்லேர்ந்து இவ்ளோ தூரம் வந்தவன் ரோட்டைத் தாண்டக் கூடாதா? எழுந்திரிங்க எல்லாரும்."

இதை ஆ-லான் எதிர்பார்க்கவில்லை. 'ஆமாம், மயிலைப் பார்க்கத்தான் வந்தேன்' என்று சாமியே சொல்லிவிட்டால்? இழப்பீடும் போகும், லாரியும் போகும். அதைவிட, ஊரறிய ஒரு தெய்வமே அவளைத் தாண்டி மயிலைப் பார்த்ததாக ஆகிவிடும். அதற்கப்புறம் எந்த முகத்தோடு மைக்கைப் பிடிப்பது?

"வேண்டாம் லான்" என்று அவள் கையைப் பிடித்தான் ஆ-குன். அவன் முகம் அவளுடையதைவிட வெளுத்திருந்தது. "சாமியை எதுக்கு இதுல இழுக்கணும்?"

"இழுத்தது அவர்தானே! நட!"

சமரசக் குழு ரோட்டைத் தாண்டியது. அலுவலகத்தில் முத்திரை போடுகிற ஷியாவ்-ச்சி என்ற பெண் "மதிய இடைவேளை" பலகையைக் காலையிலேயே வைத்துவிட்டுப் பின்னால் ஓடிவந்தாள். சான்றிதழுக்காக வரிசையில் நின்றவர்கள், இங்கே நின்று என்ன கிழிக்கப் போகிறோம் என்று அவளுக்குப் பின்னால் வந்தார்கள். பப்பாளி விற்கிறவர் வண்டியை உருட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

இளவரசர் முன்னால் பால்மிட்டாயும் குச்சிமிட்டாயும் பொம்மைக் கார்களும் குவிந்து கிடந்தன. கேட்க வேண்டியது கம்பெனிதான் என்று யே பிறைக் கட்டைகளை ட்ஸெங் கையில் கொடுத்தார். இரண்டு மரத்துண்டுகள், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. ஒன்று தட்டையும் ஒன்று மேடுமாக விழுந்தால் ஆமாம். இரண்டும் மேடு என்றால் இல்லை. இரண்டும் தட்டை என்றால் சாமி சிரிக்கிறார். ட்ஸெங் வீட்டிலும் சாமி கும்பிடுகிறவர்கள்தான் போலிருக்கிறது. சொல்லிக்கொடுக்காமலே மண்டியிட்டான்.

"பேர், விலாசம் சொல்லிட்டுக் கேளு" என்றார் யே.

"வீட்டு விலாசமா, கம்பெனி விலாசமா சார்?"

"ரெண்டையும் சொல்லிடு. பதில் வேற யார் வீட்டுக்காவது போயிடப் போகுது."

ட்ஸெங் பேர் சொன்னான், வீடு சொன்னான், ஏழாம் மாடிக் கம்பெனியைச் சொன்னான். பிறகு கேட்டான். "இளவரசே, அந்த மயிலோட வெளிச்சத்தைப் பாத்துத்தான் நீங்க வந்தீங்களா?"

கட்டைகள் தரையில் துள்ளின. இரண்டும் தட்டை.

"சிரிக்கிறார்!" என்றது கூட்டம்.

மறுபடி கேட்டான். மறுபடியும் இரண்டும் தட்டை. மூன்றாம் முறை ஒரு கட்டை உருண்டு, சுழன்று, ட்ஸெங்கின் பூட்ஸில் இடித்து, தட்டையாகவே படுத்துக்கொண்டது. கோவிலே கொல்லென்று சிரித்தது. பப்பாளிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிக்காதவர்கள் மூன்றே பேர். ட்ஸெங், ஆ-லான், ஆ-குன்.

"கேள்வியிலேயே ஏதோ கோளாறு இருக்கு. அதான் சிரிக்கிறார்" என்றார் யே. "தம்பி, என்னத்தையோ நீ தப்பா—"

"சிரிக்காம என்ன பண்ணுவார்!" என்று ஒரு அலறல். ஆ-குன் தொப்பென்று மண்டியிட்டான். "அன்னைக்கு மயில் எரியவே இல்ல சாமி!"

அத்தனை தலையும் அவன் பக்கம் திரும்பியது.

"நீ என்ன உளர்ற?" என்றாள் ஆ-லான்.

"எரியல லான். நம்ம ஜெனரேட்டர் தாங்காது. மயிலைப் போட்டா உன் மைக் செத்துடும், மைக்கைப் போட்டா மயில் செத்துடும். நீ பாட்டு முடிச்சுத் தண்ணி குடிப்பே பாரு, அந்த நேரத்துல தோகையை விரிச்சுக் காட்டுவேன். நீ மைக்கை எடுத்ததும் அணைச்சிடுவேன். இந்த ரெண்டு வருஷமும் அப்படித்தான். நீ பாடறப்போ அது ஒரு நாளும் எரிஞ்சதில்ல."

"இதுக்கு ஆதாரம்?" என்று மெல்லக் கேட்டான் ட்ஸெங். அவன் வேலை அது, பாவம்.

ஆதாரம் எல்லோர் சட்டைப் பையிலும் இருந்தது. விபத்தன்று கோவில்காரர்கள் எடுத்த வீடியோவைப் பார்க்காத ஆள் அந்த ஊரில் இல்லை. ஷியாவ்-ச்சி போனை நீட்ட, அத்தனை தலைகளும் அதன்மேல் கவிழ்ந்தன. பல்லக்கு சுற்றுகிறது, பாய்கிறது, மேடை சரிகிறது. பின்சுவருக்கு மேலே மயில் இருட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. ஒரு பல்பாவது எரிய வேண்டுமே!

"அடக் கடவுளே! நான் இதை நூறு தடவை பாத்திருப்பேன். மயில் அணைஞ்சிருக்குன்னு கண்ணுலயே படல" என்றாள் ஷியாவ்-ச்சி.

"எப்படிப் படும்? மயிலை யாரு பாத்தா? ஆ-லான் அக்காவைத்தானே எல்லாரும் பாத்தோம்" என்றார் பப்பாளிக்காரர்.

ஆ-லான் போனை வாங்கினாள். இரட்டைத் தாடை தெரிந்தது. தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்! சாய்ந்த மேடையில் கம்பத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பொம்பளை இப்படியா பாடுவாள்? கடைசி வரியில் குரல் ஏறுகிற இடத்தில் கூட்டம் பல்லக்கை மறந்துவிட்டுக் கைதட்டுகிறது. மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள். அந்தக் கைதட்டலில் மயிலுக்கு ஒரு தட்டுகூடப் பங்கில்லை. இத்தனை நாளும் வாங்கியதெல்லாம் அவளுக்கே வந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, இரண்டும் சேர்ந்து விக்கலாகிவிட்டது.

ட்ஸெங் ஓரமாகப் போய் மேலதிகாரிக்குப் போன் போட்டான். "மயில் எரியல மேடம்... வீடியோ இருக்கு... இல்ல, இளவரசரையும் கேட்டாச்சு... ஆமா, கட்டை போட்டு... சிரிச்சார் மேடம்." அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். "மூணு தடவையும்" என்றான். போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "பணத்தைக் குடுத்துடச் சொல்லிட்டாங்க. அவங்க பேருக்கு ஒரு ஊதுபத்தியும் ஏத்தச் சொன்னாங்க."

கோவில் அதிர்ந்தது. யாரோ மணியை அடித்தார்கள். பப்பாளிக்காரர் காசு வாங்காமல் பழம் நறுக்க ஆரம்பித்தார்.

"அப்போ இளவரசர் எதுக்குத்தான் வந்தார்?" என்று இழுத்தான் ட்ஸெங்.

"அந்த நேரத்துல அங்க வேற என்ன இருந்துச்சு, பாட்டைத் தவிர?" என்றார் யே. "ஏன் தம்பி, பாட்டு, வண்டியில பண்ண மாத்தத்துல சேருமா?"

"சேராது சார்! சேரவே சேராது!"

கூட்டம் பப்பாளிப் பக்கம் நகர்ந்ததும் ஆ-லான் கணவனின் காதைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

"ரெண்டு வருஷம்! நான் வயிறெரிஞ்சு செத்தேனே, பாவி மனுஷா! ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்கு அழுகியா போயிடும்?"

"மொத நாளே சொல்லிடலாம்னுதான் இருந்தேன்" என்றான் ஆ-குன், காதைத் தேய்த்துக்கொண்டே. "அன்னைக்கு நீ அதுக்குப் போட்டியா பாடினே பாரு... கல்யாணம் ஆன புதுசுலகூட நீ அப்படிப் பாடி நான் கேட்டதில்ல. சொல்லிட்டா நிறுத்திடுவியோன்னு பயமா இருந்துச்சு."

அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது. ஓங்கின கையால் அவன் சட்டைக் காலரைச் சரிபண்ணிவிட்டாள்.

"மயிலைக் கழட்டிப் போட்டுடறேன் லான்" என்றான் அவன்.

"கழட்டினே, தொலைச்சிடுவேன்! அது அங்கேயே இருக்கட்டும். நான் பாடறதை இருட்டுல உக்காந்து கேக்கட்டும்." பப்பாளித் துண்டோடு நின்ற ட்ஸெங்கைப் பார்த்துக் கையைத் தட்டிக் கூப்பிட்டாள். "தம்பி, இங்க வாங்க! மறுபடி தகராறு வேண்டாம், இப்பவே எழுதிக்கோங்க. வண்டியில மயில் ஒண்ணு இருக்கு. நான் பாடும்போது எரியாது."