சாயம் பிடிக்காத இடம்

மரக்கரண்டியால் பழைய கார் சீட் பெல்ட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. மற்ற பெல்ட்டுகளெல்லாம் நல்ல மாதுளைச் சிவப்பில் வெளியே வந்து கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன. இது மட்டும் அடம்பிடித்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் வெளிறிக் கிடந்தது. திரும்பவும் சாயத்தில் அமுக்கினாள், இன்னும் கொஞ்சம் வினிகர் ஊற்றினாள், கிளறினாள், எடுத்தாள். அதே இடம், அதே வெளிறல்.

வீட்டுக்குள் அப்பா இருமும் சத்தம் கேட்டது. இருமி முடித்து, "டயர்ல காத்து பாத்தியாடா?" என்று தம்பியைக் கேட்பதும் கேட்டது. இன்றைக்குப் பொழுது தாண்டினால் பெரிது என்று டாக்டர் காலையில் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் தாண்டுகிறாரோ இல்லையோ, டயரில் காற்று இருக்க வேண்டும். எந்நேரமும் காரைத் துடைத்துக்கொண்டே இருந்ததால் தெருவில் அவருக்குப் பாலிஷ்காரர் என்றுதான் பெயர். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வருபவர்களிடம் கார் எப்படி இருக்கிறது என்று சொல்லி அனுப்புகிற மனுஷர்.

கல்யாணமான புதிதில் வாங்கிய கார் அது. அம்மா செத்ததும் அதில்தான். ஒரு வளைவில் லாரிக்குப் பின்னால் போய் மோதினார். அவருக்கு மணிக்கட்டில் ஒரு கீறல். பக்கத்தில் இருந்த அம்மா கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போய் விழுந்தாள்.

"நூறு தடவை சொன்னேன், பெல்ட் போடு, பெல்ட் போடுன்னு. துணி கசங்கும்னா. கேட்டாளா?"

சாவு வீட்டில் அவர் சொன்னது இது. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னார். சொந்தக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். காரில் யார் ஏறினாலும், "அவ மாதிரி பண்ணிடாத, பெல்ட்டைப் போடு" என்பார்கள். அம்மாவின் தங்கை, சித்தி மட்டும் ஒருமுறை, "எங்கக்கா போடாம இருக்கமாட்டா" என்று வாயைத் திறந்தாள். "நீ பாத்தியா? கூட உக்காந்திருந்தியா?" என்று அப்பா எல்லார் முன்னாலும் கேட்டார். அன்றிலிருந்து சித்தி இந்த வீட்டுக்கு வந்தால் கதவோரமாக, கைப்பையை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

மகளும் நம்பினாள். அதுதான் அவளுக்கு இப்போது நெஞ்சை அறுத்தது. ஒரு நொடி வேலை, அதைக்கூட எங்களுக்காகச் செய்யவில்லையே என்று வயசுப் பெண்ணாக இருந்தபோது அம்மாவின் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தவள் அவள்.

சாயம் ஏற்றுவதே அவளுக்குப் பிழைப்பு. பழைய சீட்டு, திரைச்சீலை, பை என்று எது வந்தாலும் புதிதாக்கி அனுப்புவாள். அந்தக் கைப்பழக்கத்தில் அவளுக்குத் தெரியும்: நைலான் பெல்ட் சாயத்தைத் தண்ணீர் மாதிரி குடிக்கும். குடிக்காதது உருகி இறுகிப்போன இடம் மட்டும்தான். கார் மோதி நிற்கிறபோது உள்ளே இருக்கிற உடம்பு முன்னால் பாயும். அந்த உடம்பைப் பிடித்து இழுக்கிற பெல்ட், கொக்கியில் உரசி ஒரே இழுப்பில் உருகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். சும்மா தொங்கிக்கொண்டிருந்த பெல்ட்டில் அந்தத் தழும்பு விழாது.

அவள் விரலால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

பிறகு பெல்ட்டின் முனையைப் பார்த்தாள். அம்மா உட்காருகிற பக்கம், காரின் தரையில் இருக்கிற வளையத்தில் கோத்துத் தைத்திருந்த முனை அது. மோதிய இழுப்பில் கிழிந்த துளைகளில் நூல் துணுக்குகள் வெள்ளையாகவே நின்றன. அவையும் சாயம் பிடிக்கவில்லை. பெல்ட் தைக்கிற நூலே இல்லை, சட்டைக்குப் பொத்தான் வைக்கிற சாதா நூல். இரண்டு நேராக, ஒன்று குறுக்காக. அந்தத் தையலை அவளுக்குத் தெரியாதா? அவளுடைய பள்ளிக்கூடப் பையையும் அப்பாவின் அதே கைதான் தைத்தது. ஒரு வாரத்தில் பிய்ந்தது. "இந்தப் பக்கம் நூல் விடுதுங்க, கடையில குடுத்துத் தைங்களேன்" என்று அம்மா கெஞ்சியதும், "என் காரை எவனும் தொடக்கூடாது" என்று அப்பா சொன்னதும், எங்கோ கிடந்தவை, இப்போது பக்கத்தில் நின்று யாரோ பேசுவது மாதிரி காதில் விழுந்தன.

"என்னக்கா, சாயம் ஏறிடுச்சா?" தம்பி எட்டிப் பார்த்தான். "நல்லவேளை நான் எரிக்கல. புதுசு வாங்கிப் போடு, பரண்ல இருக்கிறதை எரிச்சிடுன்னார் அப்பா. காரோட பொறந்த பெல்ட்டாச்சே, பாத்தா சந்தோஷப்படுவார்னு உன்கிட்ட எடுத்துட்டு வந்தேன்."

"எரிக்கச் சொன்னாரா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. போய் அவருக்கு வெள்ளைச் சட்டையைப் போட்டு விடு. கார்ல உக்காரணும்னு கேட்டாரில்ல, உக்கார வைப்போம்."

அவன் போனதும் அவள் இன்னொரு கிண்ணத்தில் சாயம் கரைத்தாள். குழம்பு மாதிரி கெட்டியாகக் கரைத்தாள். வினிகர் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. வினிகர் போட்டுக் காய்ச்சாத சாயம் துணியில் நிற்காது, தொட்டவர் மேல் ஏறும். அதைப் பிரஷ்ஷால் பெல்ட் முழுக்கத் தடவினாள். வெளிறிய இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். முனையைக் காருக்குள் கொண்டுபோய், அதே துளைகளில், அதே சாதா நூலால், இரண்டு நேராகவும் ஒன்று குறுக்காகவும் தைத்தாள்.

தம்பி அவரைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தான். ஸ்டீயரிங் பக்கம் போனவனை அவள் நிறுத்தினாள்.

"இந்தப் பக்கம்."

"அக்கா, அவர் ஓட்டுற சீட்லதானே..."

"இந்தப் பக்கம்டா."

உட்கார வைத்ததும் அப்பா முதலில் கண்ணாடியைப் பார்த்தார், பிறகு கதவுக் கைப்பிடியில் விரலை ஓட்டித் தூசி பார்த்தார். அவள் குனிந்து பெல்ட்டை அவர் தோளிலிருந்து இடுப்புக்கு இழுத்துப் பூட்டினாள். 'டக்' என்றது. அவர் கண் கீழே இறங்கியது. சிவப்பின் நடுவே வெள்ளையாகக் கிடந்த இடத்தில் வந்து நின்றது.

"கழட்டு."

"கழட்டலாம். அம்மா அன்னிக்குப் பெல்ட் போட்டிருந்தாங்களா?"

"கழட்டுடி. மூச்சு முட்டுது."

"ஒரு வார்த்தை சொல்லுங்க, கழட்டிடறேன். தம்பியும் இங்கதான் நிக்கிறான். போட்டிருந்தாங்களா, இல்லையா?"

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா?" தம்பி கதவுக்குள் கையை விட்டான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

அப்பாவின் கை மெல்ல நகர்ந்து பெல்ட்டின் முனைக்குப் போனது. தையலைத் தடவியது. இரண்டு நேராக, ஒன்று குறுக்காக. தடவிக்கொண்டே இருந்தது.

"கெட்டி நூலுன்னுதான் கடைக்காரன் சொன்னான்," என்றார்.

தம்பி அவளைப் பார்த்தான். பெல்ட்டைப் பார்த்தான். வெளிறிய இடத்தைத் தொட்டான். பெல்ட்டைக் கழட்டுவதற்கு அவன் திரும்பக் கையை நீட்டவில்லை.

அவள் சுற்றிக்கொண்டு போய் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தாள். அப்பாவின் மூச்சு கரகரவென்று காருக்குள் சுற்றியது. அம்மா எவ்வளவு நேரம் அந்தச் சாலையில் கிடந்தாளோ, யாருக்குத் தெரியும். சட்டை முழுக்க அவருக்கு வியர்த்து ஊறுகிற வரை அவள் உட்கார்ந்திருந்தாள். அப்புறம்தான் கழட்டினாள்.

சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில் படுக்கையில் அவர் மூச்சு அடங்கியது.

உடம்பைக் கழுவியது தம்பி. பாதியில் வெளியே வந்து, "சோப்புப் போட்டுத் தேச்சும் போகலக்கா," என்றான். தோளிலிருந்து மார்பைக் கடந்து இடுப்பு வரை, அகலமாக, சிவப்பாக ஒரு பட்டை. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சாயமே இல்லை.

"போகாது. விட்டுடு."

"ஜனங்க வருவாங்க. கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டுடறேன்."

அவன் போட்டு முடித்தான். அவள் பக்கத்தில் போய், மேலிருந்து மூன்று பொத்தான்களைக் கழட்டி, காலரை இரண்டு பக்கமும் விரித்துவிட்டாள். தம்பி தடுக்கவில்லை.

வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். என்ன கறை என்று ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். சித்தி கடைசியாக வந்தாள். வழக்கம்போலக் கதவோரம் போய் உட்காரப் போனவளை மகள் கையைப் பிடித்து உள்ளே, அப்பாவின் தலைமாட்டுக்கே கூட்டிக்கொண்டு போனாள்.

சித்தி வெகுநேரம் பார்த்தாள்.

"இது என்னம்மா?"

"பெல்ட் சாயம், சித்தி. அம்மாவோட பெல்ட்." அவள் குரலை உயர்த்தினாள், கூடத்துக்கே கேட்கிற மாதிரி. "அம்மா அன்னிக்குப் போட்டிருந்த பெல்ட். அப்பா கையால தைச்சது."

கூடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆமா," என்றான்.

சித்தி அழவில்லை. கைப்பையை அப்பாவின் காலடியில் வைத்தாள். பின்கட்டு வழியாகக் கார் நிற்கிற கொட்டகைக்கு நடந்தாள்.

"அது இன்னும் ஈரமா இருக்கு சித்தி, மேல ஒட்டும்," என்று தம்பி பின்னாலேயே போய்ச் சொன்னான்.

கார்க் கதவு திறந்து மூடியது கேட்டது. பிறகு, 'டக்' என்றது.