கட்டைவிரலுக்கு ஓய்வு

ஆபீஸில் நம்மாள் ஒருவர் மேலே உட்கார்ந்திருந்தால் நமக்கு நல்லது என்று நினைப்பது தமிழர்களின் தீராத வியாதி. வெளியூர் போனால் அது இன்னும் முற்றும். கல்கத்தாவில் கனகவல்லிக்கு நன்றாகவே முற்றியிருந்தது.

விருதுநகரிலிருந்து வந்து லேக் மார்க்கெட் பக்கம் பேயிங் கெஸ்டாக இருந்தாள். சால்ட் லேக்கில் வெளிநாட்டு இன்சூரன்ஸ் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கம்பெனியில் வேலை. அந்தத் தளத்திலேயே வேகமான கை அவளுடையதுதான். தீபாவளிக்குப் பிறகு அந்தக் கை மக்கர் செய்ய ஆரம்பித்தது. கட்டைவிரலின் அடியில் கிளம்பும் வலி மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறியது. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகக்கூடப் பக்கத்து சீட்டில் கேட்க வேண்டியிருந்தது.

கரியாஹாட்டில் ஓர் எலும்பு டாக்டர் மணிக்கட்டுக்குப் பட்டை மாட்டிவிட்டார். சில மாதங்களுக்கு டைப்பிங்கும் மவுஸும் கூடாது, கட்டைவிரலால் எதையும் கிள்ளிப் பிடிக்கவே கூடாது என்றார். இப்போது ஓய்வு கொடுத்தால் தானாகச் சரியாகும், விட்டால் ஆபரேஷன், அப்புறமும் பழைய பிடி திரும்பும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

கம்பெனியில் ஃபோனில் பேசும் டீம் ஒன்று இருந்தது. அங்கே மாற்றிவிட்டால் கை பிழைத்துவிடும். மாற்ற வேண்டியவர் டீம் லீடர் ரங்கராஜன். தாத்தா காலத்திலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம்.

"நம்ம பொண்ணுக்கு நான் பண்ணாம வேற யார் பண்ணுவா? பொங்கல் முடியட்டும், எச்.ஆர். கிட்ட பேசறேன்" என்றார் அவர்.

நம்பினோர் கெடுவதில்லை என்று சாமியைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள், டீம் லீடரைப் பற்றி இல்லை. கனகவல்லி நம்பினாள்.

பொங்கலும் வங்காளிகளின் பௌஷ் சங்கராந்தியும் சேர்ந்தே வரும். ஆபீஸ் வரவேற்பறையில் ஒரு பக்கம் வங்காளிப் பெண்கள் அரிசிமாவைக் கரைத்து ஆல்பனா போடுவார்கள், மறுபக்கம் தமிழர்கள் கோலம் போடுவார்கள். எது உசத்தி என்று வருஷா வருஷம் ஒரு சின்ன யுத்தம் நடக்கும், ஜெயித்த பக்கத்துக்கு ஒரு கோப்பையும் உண்டு.

"இந்த வருஷம் நீதான் போடறே" என்றார் ரங்கராஜன்.

"கை முடியல சார். கிள்ளிப் பிடிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"தெரியும்மா. ஒரு கோலம்தானே, டைப்பிங்கா என்ன? போன வருஷம் ஸ்டிக்கர் ஒட்டினோம். ஆல்பனா போடற சுதேஷ்ணாதி எல்லார் முன்னாடியும் சிரிச்சா. இங்கேயே பொறந்து வளர்ந்ததுகளுக்குப் புள்ளி வைக்கக்கூடத் தெரியலை. நம்ம மானம் உன் கையிலதான் இருக்கு."

மானம் என்று சொல்லிவிட்டால் நம்மவர்களுக்கு வேறு எதுவும் காதில் விழாது. கனகவல்லி பட்டையைக் கழற்றினாள். புள்ளி வைத்து முடிப்பதற்குள் கட்டைவிரல் நெருப்பில் வைத்ததுபோல எரிந்தது. பாத்ரூமுக்குப் போய்க் கையைக் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு வந்து, சிக்குக் கோலத்தின் வளைவுகளை ஒவ்வொன்றாக இழுத்து முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த நிமிஷம் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"போடற மாதிரி ஒரு படம்" என்று ரங்கராஜன் ஃபோனைத் தூக்கினார். "பொடியைக் கையில எடுத்துக்கோ. சிரி."

அவள் சிரித்தாள். பரிசுக் கோப்பை அவர் மேஜைக்குப் போனது, படம் ஆபீஸ் குரூப்புக்குப் போனது.

மறுவாரம் அவளைக் கூப்பிட்டு அதே படத்தைக் காட்டினார்.

"எச்.ஆர். ஒத்துக்கலை. கை சரியில்லாதவ இவ்வளவு பெரிய கோலம் எப்படிப் போட்டான்னு கேக்கறா. நான் என்ன பதில் சொல்றது?"

"நீங்க சொல்லித்தான போட்டேன். அதைச் சொல்லுங்க சார்."

"சொன்னா, உடம்பு முடியாதவளை வேலை வாங்கினேன்னு என் தலையில விடியாதா?" அவர் குரலில் கோபமே இல்லை. "நிஜமாவே அவ்வளவு வலின்னா நீ போட்டிருக்கவே மாட்டே. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

கனகவல்லிக்கு அழுகை வரவில்லை. அவர்மேல் வந்ததைவிடத் தன்மேல்தான் ஆத்திரம் அதிகமாக வந்தது. சீட்டுக்குப் போனாள். மவுஸை இடதுபக்கம் நகர்த்திவைத்து, தட்டுத்தடுமாறி வேலையைத் தொடங்கினாள்.

ரங்கராஜன் கையில் டீ கப்போடு பின்னால் வந்து நின்று கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு குனிந்து மவுஸை எடுத்து வலதுபக்கம் வைத்தார்.

"இடது கைன்னா ஸ்லோவா ஆயிடும்மா" என்றார். "அந்தப் பட்டையையும் கழட்டிடு. இனிமே எதுக்கு?"

அவள் கழற்றும்வரை அங்கேயே நின்று டீயைக் குடித்தார்.