போல்ட் போட்டாச்சா?

எனக்கு வாய் நீளம் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பொய்யில்லை. அந்த வாயை ஒரே ஒரு நாள் அடக்கினேன், பாவி.

எங்கள் காருக்கு ஆயில் மாற்ற அவர் எந்த மெக்கானிக்கையும் விட்டதில்லை. எல்லாம் வீட்டு வாசலிலேயே. கல்யாணமான புதிதில் ஒருமுறை, அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை வடித்தவர், அதைத் திரும்பப் போடாமலே மேலே புது ஆயிலை ஊற்றிவிட்டார். நாலு லிட்டரும் பக்கத்து வீட்டு கேட் வரை ஓடியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். அவர் புது கேனைத் திறந்ததும் நான் கேட்க வேண்டும்: "போல்ட் போட்டாச்சா?" அவர் சல்யூட் அடிப்பார்: "போட்டாச்சுங்க மேடம்!" முப்பத்தோரு வருஷமாக இதுதான். அடுப்பில் பால் பொங்கினாலும் ஓடிவந்து கேட்டுவிட்டுத்தான் போவேன்.

போன மாதம் மருந்து வாங்கப் போனவருக்கு வீட்டுக்கு வரும் வழி மறந்துவிட்டது. ஐந்து மணி நேரம் கழித்து, எங்கேயோ காருக்குள் உட்கார்ந்திருந்தவரை எங்கள் மகள் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தாள். டாக்டர், மறதி இனி கூடத்தான் செய்யும் என்றார். மகள் கார் சாவியைக் கேட்டாள். இவர் மல்லுக்கு நின்றார்.

"நானே ஆயில் மாத்திக் காட்டறேன். ஒரு தப்பு வந்தாலும் சாவிய நானே குடுத்துடறேன், போதுமா?"

"போதும்ப்பா. ஆனா அம்மா வாயத் திறக்கக் கூடாது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மகள் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "நீ அடி எடுத்துக் குடுத்து அப்பா ஜெயிச்சு, நாளைக்கு யாரு மேலயாவது வண்டிய ஏத்திட்டா யாரும்மா பதில் சொல்றது?" அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பித்தார். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து அடியில் போனார். கறுப்பு ஆயில் பேசினில் வடிந்தது. கழற்றிய போல்ட்டைத் துணியில் துடைத்து, நான் நின்ற படியில், என் காலடியில் வைத்தார். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினார். எல்லாம் கச்சிதம். 'எப்படி என் ஆள்?' என்பதுபோல் மகளை ஒரு பார்வை பார்த்தேன்.

அப்புறம் பேசினை ஓரமாக இழுத்து வைத்துவிட்டு வண்டியைக் கீழே இறக்கினார். போல்ட் படியிலேயே இருந்தது.

மகளும் பார்த்துவிட்டாள்; என் கையை அழுத்திப் பிடித்தாள்.

அவர் கேனைத் திறந்தார். ஆனால் ஊற்றவில்லை. கேனைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஊற்றும் சத்தம் கேட்டது.

புது ஆயில் காருக்கு அடியிலிருந்து வழிந்து அவர் செருப்பைத் தொட்டது. குனிந்து பார்த்தார். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து மகள் கையில் வைத்தார். சொன்ன சொல் மாறாத மனுஷன். அவள் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள்.

என்னிடம் வந்தார். முகத்தில் கோபமே இல்லை. இரண்டு திட்டு திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"ஏம்மா, நீ கேக்கவே இல்லையே?"

அவர் கையில் இருந்த ஆயிலை என் முந்தானையால் துடைத்தேன்.

"ஏதோ ஒண்ணு விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சுது. என்னன்னு தெரியல. நீ கேப்பேன்னுதான் நின்னேன்."

படியில் கிடந்த போல்ட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அப்புறம் கேட்டேன்.

"போல்ட் போட்டாச்சா?"

அவர் முகம் மலர்ந்தது. போல்ட்டைப் பிடித்திருந்த கையாலேயே சல்யூட் அடித்தார்.

"போட்டாச்சுங்க மேடம்!"